சிந்தல் பங்கு

காலை ஏழு மணிக்குச் சங்குமுனையில் இருநூற்றுப் பதினான்கு வீடுகளின் வாசல் எண்களும் ஒன்றாக மாறும். வாசல் நிலைக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடிச் சில்லு. முந்தின நாள் அந்த வீட்டுக் காற்றிலும் தரையிலும் இருந்த ஈயத்தூளின் அளவை அது காட்டும். பத்துக்குக் கீழே என்றால் பச்சை, மேலே என்றால் சிவப்பு. ஊர்க்காரர்கள் முதலில் எதிர்வீட்டு எண்ணைப் பார்ப்பார்கள், அடுத்து பக்கத்து வீட்டு எண்ணை, கடைசியில்தான் தங்கள் வீட்டு எண்ணை. பெண் பார்க்க வருகிறவர்கள் உள்ளே நுழையும்போது நிலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டிருந்தது. எண் சிவப்பாக இருந்தால் அவர்களுக்குப் போட்ட காப்பி ஆறிப்போகும்.

பெர்தினா வீட்டு வாசல் அன்று பதினொன்று காட்டியது. ஐந்து மாதத்துக்கு முன் அது அறுபத்து மூன்று. யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். பெர்தினா நேரே உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த மகள் இமெல்டாவின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே கட்டியிருந்த கைப்பட்டை ரத்தத்தில் உள்ள ஈயத்தைக் காட்டும். இருபத்தேழு. போன வாரம் இருபத்தைந்து. அதற்கு முந்தின வாரம் இருபத்து மூன்று. வீடு இறங்குகிறது, பிள்ளை ஏறுகிறாள். இது என்ன கூத்து என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

இமெல்டாவுக்கு ஏழு வயது. போன வருஷம் நூறு வரை தடங்கல் இல்லாமல் சொன்ன பிள்ளை, இப்போது நாற்பதில் நின்றுகொண்டு அம்மா முகத்தைப் பார்க்கும். எட்டு வயது முடிவதற்குள் பட்டை ஐந்துக்குக் கீழே வந்தாக வேண்டும், அதற்குப் பிறகு இறங்கினாலும் போன புத்தி போனதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெர்தினாவின் கணவன் எங்கோ கொரியாப் பக்கம் கப்பலில் இருந்தான். அவன் கேட்கும்போதெல்லாம் "குறையுது" என்றே அவள் சொல்லிவந்தாள்.

இந்த ஊருக்கு ஈயம் வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். உள்நாட்டுச் சுரங்கங்களிலிருந்து ஈயத்தாது ரயிலில் வரும், துறைமுகத்தின் கருங்கொட்டகையில் மலையாகக் குவியும், அங்கிருந்து கப்பலேறும். முப்பது வருஷம் இது நடந்தது. கொட்டகைக்குக் கூரை இருந்தது, சுவர் இல்லை. வாடைக்காற்று அடித்தால் ஊரில் உலர்த்திய வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகும், கருவாடு மின்னும். பிள்ளைகள் மக்காகப் போவதற்கும் அந்த மினுக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று ஊருக்கு விளங்கவே பதினைந்து வருஷம் ஆயிற்று. அதிகாரிகளுக்கு விளங்க இன்னும் பதினைந்து. ஐஸ் ஆலையில் இயந்திரம் ஓட்டிய பெர்தினா அன்று ஊர்க்குழுவின் செயலாளர். விசைப்படகுக்கும் ஐஸ் கிடையாது, துறைமுக அதிகாரிகள் விருந்துக்கும் ஐஸ் கிடையாது என்று நாற்பத்தாறு நாள் ஆலையைப் பூட்டிப் போட்டு, கொட்டகை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தாது நின்றது. கொட்டகை காலியானது. காற்றில் முப்பது வருஷமாகப் பறந்து ஊரில் படிந்தது மட்டும் படிந்தபடியே கிடந்தது.

அதை எடுக்கத்தான் ஈயச்சேகரிகள் வந்தன. அரைக் கடுகு அளவில் ஆறு கால் கொண்ட சின்ன இயந்திரம். வெயிலைத் தின்று நடக்கும், ஈயத்துகள் ஒன்றைக் கண்டால் பசையில் சுருட்டி வாயில் கவ்விக்கொள்ளும். நாற்பது லட்சம் சேகரிகளை ஊரில் அவிழ்த்துவிட்டார்கள். அவற்றின் அரசாங்கப் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. "பொறுக்கிப் பய வந்துட்டான், கதவத் தெற" என்று சொல்லிப் பெண்கள் சிரித்தார்கள்.

அவற்றைக் கொண்டுவந்த பொறியாளர் தணிகைநாதன் வடக்கே இருந்து வந்தவர், சாந்தமான மனிதர். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு விளக்கினார். சேகரிக்கு வரைபடம் கிடையாது, மூளையும் கிடையாது. ஒரே விதிதான்: கொஞ்சமாக இருக்கும் இடத்திலிருந்து எடு, நிறைய இருக்கும் இடத்தில் போடு. எதிரெதிரே வரும் இரண்டு சேகரிகள் எறும்பு மாதிரித் தலை முட்டிக்கொள்ளும், அதிகம் கண்டது எதுவோ அதன் வழியில் மற்றது திரும்பிவிடும். துறைமுகத்தில் ஆழக் குழி வெட்டி, அடியில் எட்டு டன் தாதைப் போட்டு, மேலே நீர் நிரப்பியிருக்கிறோம். ஊரிலேயே பெரிய குவியல் அதுதான் என்பதால் எல்லாம் தானாக அங்கே போய் விழும், நீருக்குள் விழுந்தது மறுபடி பறக்காது என்றார். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் இதே விதிப்படிதான் பிழைக்கிறார்கள் என்பதால் ஊருக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை.

கடைசியாக அவர் ஒரு கேள்வி கேட்டார். ஊருக்குள் வேறு எங்காவது பழைய தாதுக் குவியல் உண்டா? மேலிருந்து அளந்து பார்த்திருக்கிறோம், காரைக்கோ சிமெண்டுக்கோ அடியில் இருந்தால் எங்களுக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். மண்டபம் யோசித்தது. இல்லை என்று ஒருமுகமாகச் சொன்னது. மூன்றாவது வரிசையில் இருந்த பெர்தினாவின் அப்பா சேசடிமை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதை வெகுநேரம் துடைத்தார்.

மூன்றாம் மாதம் கெபி மின்ன ஆரம்பித்தது.

ஊருக்கு மேற்கே, பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்தது அந்தக் கெபி. குகை மாதிரி எழுப்பிய பாறைக்கட்டு, உள்ளே ஆள் உயரத்துக்கு மேலே மாதா சொரூபம். கப்பல் கூலிகள் கட்டியது. சொரூபம் எட்டாது என்பதால், அதன் பாதத்துக்குக் கீழே நெஞ்சளவில் துருத்தி நிற்கும் பாறையில் முத்தம் கொடுப்பதுதான் ஊர் வழக்கம். அந்தப் பாறை முதலில் லேசாகப் பளபளத்தது, பிறகு வெள்ளிக் குத்துவிளக்கு போல ஆனது. ஊர் சுத்தமாகிறது, மாதா முகம் மலர்கிறது என்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். பங்குச்சாமியார் மட்டும் அவசரப்படாமல், ஆயருக்கு எழுதியிருக்கிறேன், பொறுங்கள் என்றார். முத்தம் கொடுக்கும் வரிசைக்கு அந்தப் பொறுமை இல்லை.

பெர்தினாவும் நேர்ந்துகொண்டாள். இமெல்டாவின் எண் ஐந்துக்கு இறங்கும் வரை தினமும் மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையை அழைத்துவந்து மூன்று முத்தம். பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே எண்ணிக்கொண்டு கொடுப்பாள். அந்த மூன்று மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. எண் ஏற ஏற பெர்தினா முத்தத்தை ஐந்தாக்கினாள், பிறகு ஏழாக்கினாள்.

அவளுக்கு விஷயம் தெரிந்தது ஒரு நண்பகலில், ஐஸ் ஆலைச் சுவரில். சுண்ணாம்பு அடித்த சுவரில் சாம்பல் நூல் ஓடுவது போலச் சேகரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அது தினமும் பார்க்கிற காட்சிதான். ஆனால் துறைமுகம் கிழக்கே இருக்கிறது, நூல் மேற்கே போனது. அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெயிலில் அதன் பின்னாலேயே நடந்தாள். ஆலைச் சுவர், ரேஷன் கடைத் திண்டு, பள்ளிக்கூட மதில். வழியில் வேறு நூல்களும் வந்து சேர்ந்தன. கெபிக்கு முன்னால் அது கைக்கனத்தில் ஒரு கயிறாகியிருந்தது. ஒவ்வொரு சேகரியும் பாறையில் ஏறி, வாயில் இருந்ததை வைத்துவிட்டுத் திரும்பியது. வெயிலில் பசை காய்ந்து துகள் தனியாக மின்னியது. பிள்ளை வாய் வைக்கும் இடத்தை விரலால் தேய்த்தாள். விரல் கறுப்பாக வந்தது. ஏழு முத்தத்தையும் பெர்தினாவே எண்ணிக் கொடுக்க வைத்திருக்கிறாள்.

தணிகைநாதன் கையில் அளவைக்கருவியோடு ஓடிவந்தார். குழியில் சேர வேண்டியது பாதிகூடச் சேரவில்லை என்று ஒரு மாதமாக அவரும் தலையைப் பிய்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"உங்க பொறுக்கியளுக்குக் கெழக்கு மேக்கு தெரியாதா சார்?" என்று கேட்டாள் பெர்தினா.

"தெரியாது மேடம். எங்க நிறைய இருக்குன்னு மட்டும்தான் தெரியும்" என்றவர் கருவியைப் பாறையில் வைத்தார். எண்ணைப் பார்த்தார். கருவியைத் தட்டிவிட்டு மறுபடி வைத்தார். வெளிப்பூச்சு போகட்டும், பாறையின் உள்ளேயே பத்து டன்னுக்கு மேல் தாது இருக்கிறது, குழியில் நான் போட்டதே எட்டு என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சேசடிமையை அவள் வீட்டில் பிடித்தாள். அவர் ஒளிக்கவில்லை.

கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கி முடித்ததும் விளக்குமாறு கொண்ட ஆட்கள் இறங்கி மூலை முடுக்கெல்லாம் கூட்டுவார்கள். கூட்டியதில் கடைசியாக மிஞ்சுவது கூட்டியவனுக்கு. அதற்குச் சிந்தல் பங்கு என்று பெயர். எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்த அதிகாரியும் தடுத்ததில்லை. கோதுமை வந்தால் வீட்டில் கஞ்சி, சர்க்கரை வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், உரம் வந்தால் முருங்கைக்கு. தாது வந்தபோதும் பங்கைப் பங்காகத்தான் எடுத்தார்கள். ஒருநாள் கப்பல் அறையின் இரும்பு மூடி அறுந்து விழுந்து, கீழே கூட்டிக்கொண்டிருந்த நாற்பத்தொரு பேரும் ஒரு கீறல் இல்லாமல் தப்பினார்கள். மாதாவுக்குக் கெபி என்று அங்கேயே நேர்ந்தார்கள்.

"நாங்க திருடல பெர்தி. சிந்தலத்தான் எடுத்தோம்" என்றார் சேசடிமை. "தூக்குச்சட்டிக்கு அடியில கொஞ்சங் கொஞ்சமா, மூணு வருசம். கோதுமைனா கஞ்சி வைக்கலாம். இத என்ன செய்ய? நல்லா மின்னுச்சு. காரையில கொழச்சு மாதாவுக்குக் கட்டிட்டோம்."

"கூட்டத்துல அவரு கேட்டாரே. அப்ப வாயில என்ன வச்சிருந்திய?"

வெளியே தெரிந்தால் வேலை போகும் என்று நாற்பத்தொரு பேரும் அன்று சத்தியம் செய்திருந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர் செத்துப்போயிருந்தார்கள். செத்தவர்களிடம் கேட்காமல் மூன்று பேராகச் சத்தியத்தை எப்படி உடைப்பது என்று அவர் கேட்டார். பெர்தினா பிள்ளையின் கையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். பட்டை இருபத்தெட்டு காட்டியது. கிழவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

வழி ஒன்றுதான் என்றார் தணிகைநாதன். கெபிப்பாறையை உடைத்துக் குழியில் கொட்ட வேண்டும். அப்போது குழி பெரிதாகும், சேகரிகள் தாமாகத் திரும்பிவிடும். மண்டபத்தில் கூட்டம் கொதித்தது. கொட்டகைக்காரனை விரட்டத் தெரிந்தவளுக்கு இப்போது மாதாவையே விரட்ட வேண்டுமாம் என்று ஒரு குரல் வந்தது. பெர்தினா எழுந்தாள்.

"மாதாவ எடுத்துக் கோயிலுக்குள்ள வைப்போம். பாறைய விடுங்க" என்றாள். "என் பிள்ளை வயித்துல இப்பமே பாதிப் பாறை கெடக்கு."

சேசடிமை எழுந்து, கடப்பாரை எங்கே என்று கேட்டார்.

இரண்டு நாள் உடைத்தார்கள். தூசி கிளம்பாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சினார்கள், எல்லோருக்கும் முகமூடி, ஈரச்சாக்கு. கெபியிலிருந்து துறைமுகம் வரை ஊரே வரிசையாக நின்று கூடையைக் கை மாற்றியது. கொட்டகைப் போராட்டத்துக்குப் பிறகு ஊர் இப்படிச் சேர்ந்து நின்றது அன்றுதான். பாட்டுப் பாடினார்கள், பெண்கள் அழுதுகொண்டே பாடினார்கள். கடைசியில் மிச்சமிருந்த மூன்று கூலிகளும் விளக்குமாறு எடுத்துத் தரையை வழித்துக் கூட்டினார்கள். பெர்தினா பார்த்துக்கொண்டு நின்றாள். இனி இறங்கும் என்று நினைத்தாள்.

பாறை எல்லாம் சேர்ந்து பதினெட்டு டன் என்று தணிகைநாதன் கணக்குப் போட்டிருந்தார். குழியில் விழுந்தது பதினொன்று. வழியில் சிதறியிருக்குமோ என்று தெருவெல்லாம் தேடினார். தெரு துடைத்த மாதிரி இருந்தது.

ஒரு வாரத்தில் வாசல் எண்கள் எல்லாம் எட்டில் வந்து நின்றன. முன்பு நாற்பது காட்டிய வீடும் எட்டு, ஆறு காட்டிய வீடும் எட்டு. அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒருவரும் எதையும் எடுக்கவில்லை என்றார்கள், காப்பி கொடுத்தார்கள். விஷயம் என்னவோ ஊருக்கே தெரியும். கூடை கை மாறும்போது கைக்கு ஒரு துண்டு மாறியிருந்தது. உடைத்தவனுக்கும் சுமந்தவனுக்கும் கூட்டியவனுக்கும் சிந்தல் பங்கு. ஆளுக்கு ஒரு தேங்காயளவு, எலுமிச்சையளவு. சேகரிகள் தூக்கிப்போய்விடாமல் இருக்க மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்புடத்தில் வைத்தார்கள். மாலை ஜெபத்துக்கு மட்டும் திறந்து வீட்டில் எல்லோரும் முத்தமிட்டார்கள்.

பெர்தினா வீட்டு வாசலும் எட்டுதான் காட்டியது. அவள் பரண், அரிசிப்பானை, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேடினாள். சேசடிமை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இமெல்டாவின் இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கியபோது அது கனத்தது. தையலைப் பிரித்தாள். உள்ளே எலுமிச்சையளவில் கல், முத்தம் பட்டு வழவழத்த பக்கம் மேலே இருந்தது.

"எனக்குன்னு எடுக்கல" என்றார் சேசடிமை. "பிள்ளைக்குத்தான் வச்சேன். அது வாய் வச்ச எடம் அது."

பெர்தினாவுக்குக் கத்தத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. கருங்கொட்டகைக்காரனைத் திட்டிய வாயால் இவரை எப்படித் திட்டுவது? அவன் காசுக்காகச் செய்தான். இவர் தலையணையைப் பிரித்து, கல்லைப் பஞ்சில் பொதிந்து, பிள்ளைக்கு உறுத்தாதபடி தைத்திருக்கிறார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரைக் குழியோரம் கூட்டினாள். அந்தக் கல்லை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டிவிட்டு நீரில் போட்டாள். போட்டுவிட்டு நின்றாள். நானே போட்டுவிட்டேன், நீங்களும் கொண்டுவாருங்கள் என்றாள். யாரும் நகரவில்லை. கோபம் இல்லை, எல்லோர் முகத்திலும் இரக்கம்தான். எட்டுதானே, பச்சைதானே என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். பத்துக்குக் கீழே பயமில்லை என்று எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டியது சேகரிக் கம்பெனிதான்.

கம்பெனியும் அதையே சொன்னது. இருநூற்றுப் பதினான்கு வீடும் பச்சை. சட்டப்படி ஊர் சுத்தம். சான்றிதழைக் கோயில் மண்டபத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். மறுநாள் சேகரிகளை வெளிச்சம் புகாத பீப்பாய்களில் அடைத்து, தணிகைநாதன் வேறு துறைமுகத்துக்குக் கிளம்பினார். விடைபெற வந்தவரிடம் பெர்தினா ஒன்றே ஒன்று கேட்டாள், இமெல்டா எப்போது ஐந்துக்கு வருவாள் என்று.

அவர் அவள் வீட்டு நிலையை அண்ணாந்து பார்த்தார். கல் போனதிலிருந்து அது பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது. ஊரிலேயே அது ஒன்றுதான்.

"குழந்தையை வேற எந்த வீட்டுக்கும் அனுப்பாதீங்க. பள்ளிக்கூடம்கூட வேண்டாம். இந்த வீட்டுக்குள்ளயே ஆறு மாசம் இருந்தா வந்துடும்" என்றார். சொன்னது அவருக்கே சங்கடமாக இருந்தது போல, நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்துகொண்டார்.

அப்படியே செய்தாள். ஐஸ் ஆலையில் விடுப்பு எடுத்தாள். பிள்ளையை ஜன்னலோடு நிறுத்தினாள். தோழிகள் வெளியே நின்று பேசினார்கள், இமெல்டா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேசினாள். முதல் மாதம் பட்டை இருபத்தாறு. அடுத்த மாதம் இருபத்திரண்டு. அதற்கடுத்து பத்தொன்பது. ஒருநாள் காலை பிள்ளை பல் தேய்த்துக்கொண்டே நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று தானாகப் போனதைக் கேட்டுப் பெர்தினா அடுப்படியிலேயே முழங்காலில் நின்றுவிட்டாள். அன்று கணவனிடம் "குறையுது" என்று சொன்னபோது முதல் தடவையாக அது நிஜமாக இருந்தது.

ஊருக்கு இது வேறு மாதிரித் தெரிந்தது. நோயாளிப் பிள்ளை பூட்டிய வீட்டில் கிடக்கிறது. எல்லா வீட்டிலும் மாதா கல் இருக்கிறது, இந்த வீட்டில் மட்டும் இல்லை. இருந்த ஒன்றையும் ஊருக்காகத் தண்ணீரில் போட்டுவிட்டாள் மகராசி. நல்ல மனசுள்ள ஊர் அது. நாற்பத்தாறு நாள் ஒரே பாயில் படுத்து, ஒரே பானையில் தின்ற ஊர். சேகரிக்கு ஒரு விதி இருந்தது போல அதற்கும் ஒன்று உண்டு, நேர் எதிர்த் திசையில்: நிறைய உள்ள இடத்திலிருந்து எடு, இல்லாத இடத்தில் போடு.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுப் பிலோமி. ஜன்னல் வழியாக ஒரு துணிப்பொட்டலத்தை நீட்டினாள். தன் கல்லைச் சுத்தியலால் இரண்டாக உடைத்து, பெரிய பாதியைக் கொண்டுவந்திருந்தாள். பெர்தினா கும்பிட்டு வேண்டாம் என்றாள். அது ஈயம், பிள்ளைக்கு ஆகாது என்று மறுபடி முதலிலிருந்து விளக்கினாள். பிலோமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், அழுதாள், உன் வீட்டில் மட்டும் ஒன்றுமில்லாமல் எப்படியம்மா என்றாள். போகும்போது பொட்டலத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

பெர்தினா இடுக்கியால் எடுத்து, கொண்டுபோய்க் குழியில் போட்டாள். மறுநாள் படியில் இரண்டு இருந்தன. அதற்கு அடுத்த நாள் கதவிடுக்கில், துளசிச் செடி மூட்டில், கூரை ஓட்டுக்கு அடியில். கேட்கப் போனால் மறுத்துவிடுவாள் என்று தெரிந்து, காலைப் பூசைக்குப் போகிற வழியில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றும் வெளுத்த துணியில் சுற்றி, மேலே ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தது. யார் வைத்தது என்று தெரியவில்லை, அதனால் யார் வைக்கவில்லை என்றும் தெரியவில்லை. முன்பு என்றால் பாய் விரித்து உட்கார்ந்து கோஷம் போட ஒரு கொட்டகை வாசல் இருந்தது.

ஆறாம் மாதம் முதல் நாள், காலை ஏழு மணிக்கு வாசல் எண்கள் மாறின. பெர்தினா வெளியே வந்து நிலையைப் பார்த்தாள். பதினொன்று, சிவப்பு. சங்குமுனையில் அன்று பத்தைத் தாண்டிய வீடு அது ஒன்றுதான். கூரையில் ஏறிப் பார்த்தபோது ஓட்டுக்கு ஓடு பொட்டலம் இருந்தது. உள்ளே, பத்தொன்பது வரை இறங்கியிருந்த இமெல்டாவின் பட்டை மறுபடி ஏறி இருபத்தொன்றுக்குப் போயிருந்தது.

அவள் சேசடிமையைப் பிள்ளையோடு இருக்கச் சொல்லிவிட்டு, பொட்டலங்களை வாளியில் போட்டுக்கொண்டு குழிக்கு நடந்தாள். வழியெல்லாம் பெண்கள் வாசலில் நின்றார்கள். எல்லோரும் முதலில் அவள் வீட்டு நிலையைப் பார்த்தார்கள், பிறகு அவளை. பிலோமி படியிறங்கி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மனச விட்டுறாத பெர்தி" என்றாள். "நேத்துல இருந்து தெக்குத் தெருக்காரவியளும் சேந்துட்டாவ. இனிமே இன்னும் நெறைய வரும்."